மல்லாங்கிணற்றுப் பக்கம் ஒரு மேஸ்திரி

பால்ச்சாமி மேஸ்திரியின் கால் முறிந்த சேதி, திருச்சுழி பஜாருக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் செத்தே போனதாக மாறிவிட்டது. தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரிக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள், அவர் கட்டிலில் சாய்ந்தபடி கேப்பைக் களியை உருட்டி விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். வந்ததற்கு ஆளுக்கொரு வாய் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

உயிர் தப்பியதே பெரிய காரியம். பூமிநாதன் காட்டில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோது, மேலே போன கல்லுக்கூடையின் வடம் நைந்து, கூடை சாய்ந்து, கல்லொன்று அவர் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. முறிவு வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, தை பிறக்கும்வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கிணறு தைவரைக்கும் பொறுக்காது. அதுதான் அந்த வீட்டின் கவலை. மேலே ரெண்டு ஆள் உயரத்துக்குக் கரிசல், அதன் கீழே சுக்கான் பாறை, அதற்கும் கீழே கருங்கல். ஐப்பசி மழை இறங்கினால் கரிசல் ஊறிச் சரிந்து கிணற்றையே மூடிவிடும். அதற்குள் தண்ணீர் கண்டு, சுற்றிக் கல்கட்டு எழுப்பியாக வேண்டும். புரட்டாசி பிறந்து, தெற்கே மேகம் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

பூமிநாதன் வந்து கட்டிலருகே நின்றார். நல்ல மனுசர். ஆனால் மூன்று வருசமாக மிளகாய்ச் செடியைக் கருகக் கொடுத்தவர்.

"பால்ச்சாமி, ஒன்னக் குத்தஞ் சொல்ல என்ன இருக்கு? ஆனா எனக்கு வேல நிக்கக் கூடாதுப்பா. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு மேஸ்திரியப் பாரு. இல்லாட்டி காரியாபட்டிச் செட்டக் கூட்டியாந்துருவேன்."

அவர் போன பிறகு பால்ச்சாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரோடு கிணறு வெட்டுகிற செட்டில், சோலை சம்மட்டி அடிப்பதில் கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். இன்பராஜுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாசம்தான், வேலையிலும் புதுசு. வெடி மருந்தைப் பால்ச்சாமி யார் கையிலும் கொடுத்ததில்லை. கொடுத்தது ஒரே ஒரு ஆளிடம்தான். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து திரியை அளந்து நறுக்கி, வெடிக் கேப்புச் சொருகி, ஈரம் படாமல் மெழுகுத் துணியில் சுற்றி வைப்பது அவர் பெண்டாட்டி முத்துப்பேச்சி. காலையில் அதே முத்துப்பேச்சி மற்றப் பெண்களோடு கிணற்று மேட்டில் கல் சுமப்பாள். கிணற்றுக்குள் அவள் எட்டிப் பார்த்ததோடு சரி.

வேறு செட்டு வந்தாலும் வராவிட்டாலும் நைந்த வடத்தை மாற்ற வேண்டும் என்று, மறுநாள் சோலையைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனாள். கடைக்காரர் புது வடத்தை இழுத்துக் காட்டினார்.

"யோசிக்காம எடுங்க. மல்லாங்கிணத்துப் பக்கம் கருத்தம்மா செட்டுக்கும் இந்த வடந்தான் போகுது. அந்தம்மா கையில பிடிச்சு முறுக்கிப் பாத்துத்தான் வாங்கும்."

முத்துப்பேச்சி வடத்தைக் கீழே வைத்தாள். "கருத்தம்மா செட்டா? அது யாரு, மேஸ்திரி பொண்டாட்டியா?"

"அந்தம்மாதான் மேஸ்திரி."

சோலை சிரித்தான். "அட மதினி, அது கட்டுக்கத. நானும் கேட்டிருக்கேன். ஆறடி ஒசரமாம், சுருட்டுக் குடிக்குமாம், ரெண்டு புருசன அடிச்சு வெரட்டிருச்சாம். எவனோ வேல இல்லாதவன் கெளப்பி விட்டது."

"நான் கதைக்கா வடம் வித்தேன்?" என்றார் கடைக்காரர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சோலை ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். முத்துப்பேச்சி காதில் ஒன்றும் விழவில்லை. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றால்! இருந்துவிட்டால்!

விடிந்ததும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். புருசனுக்குக் கம்பங்கூழும் சீனியவரை வத்தலும் எடுத்து வைத்துவிட்டு, "காரியாபட்டி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினாள். காரியாபட்டியில் இறங்கி மல்லாங்கிணறு பஸ்ஸைப் பிடித்தாள். போய் நின்று என்ன கேட்பது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மல்லாங்கிணற்றில் டீக்கடைக்காரர் கிழக்கே கையைக் காட்டினார். "அந்தா தெரியுற பனைக்கு அங்கிட்டு. வழி கேக்க வேணாம். அந்தம்மா சத்தம் கேக்கும், அதப் பிடிச்சே போயிரு."

நிஜமாகவே கேட்டது. பருத்திக் காட்டு வரப்பில் பாதி தூரம் போயிருப்பாள், "வெலகு! வெலகு! வெடி! வெடி!" என்று ஒரு குரல் வெயிலைக் கிழித்துக்கொண்டு வந்தது. பொம்பளைக் குரல். முத்துப்பேச்சி பனைமரத்துக்குப் பின்னால் ஓடி ஒண்டினாள். கிணற்றிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராக ஏறி ஓடினார்கள். கடைசியாக வடத்தைப் பிடித்து ஒரு பெண் ஏறி வந்தாள். ஓடவில்லை. வேகமாக நடந்து வந்து பாறைமேட்டுக்குப் பின்னால் குனிந்தாள். வெகு நேரம் கழித்துத் தரை அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கல்லும் புகையும் பனை உயரத்துக்குப் போய்ச் சடசடவென்று விழுந்தன.

முத்துப்பேச்சி எத்தனையோ வெடிச் சத்தம் கேட்டவள்தான். இந்தச் சத்தம் மட்டும் வேறாக இருந்தது.

புகை அடங்கியதும் கிட்டே போனாள். ஆறடியும் இல்லை, சுருட்டும் இல்லை. முத்துப்பேச்சியின் தோளுக்கு இருந்தால் அதிகம். வயதும் இவளைவிட ஒன்றிரண்டு குறைவாகத்தான் இருக்கும். சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டி, மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு.

"யாரு தாயி நீ? வெடி போடுற எடத்துல வந்து நிக்கே?"

"கருத்தம்மா மேஸ்திரியப் பாக்க வந்தேன்."

"பாத்தாச்சுல்ல? என்ன விசயம்?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் ஒரு நொடியில் மறந்துபோனது. வாயில் வந்ததைக் கேட்டாள். "திரிய எவ்வளவு நீளம் விடுறீக?"

கருத்தம்மாள் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றாள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒரே மாதிரிதான். புருசன் சும்மா இருக்கானா, சேலையோடு எப்படி இறங்குகிறாய், பயமாக இல்லையா. திரியைப் பற்றிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

"நீ எந்தக் கெணத்துக்காரி?" என்றாள்.

"திருச்சுழிக்கு மேக்க. பூமிநாதன் காட்டுக் கெணறு."

"கருங்கல்லா?"

"கருங்கல்லு. நடுவுல வெள்ள ரேகை ஓடுது."

"வெள்ள ரேகையா! எந்தப் பக்கத்துல?" என்று கேட்டுக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் உடைமர நிழலில் உட்கார வைத்தாள். "ஏங்க, இன்னொரு சோத்து வட்டில் எடுத்து வைங்க. விருந்தாளி வந்திருக்கு."

நிழலில் மூன்று கல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அகப்பையோடு திரும்பிய மனிதர் அவள் புருசன் சங்கிலி. செட்டுக்கே சமையல் அவர்தான். குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுவிட்டு, "எனக்குக் கெணத்த எட்டிப் பாத்தாலே தல சுத்தும்மா. இவ எறங்குறா, நான் ஆக்கிப் போடுறேன்" என்று சந்தோசமாகச் சொன்னார்.

"எங்க அய்யா செட்டு இது" என்றாள் கருத்தம்மாள். "அவுக கண்ண மூடுனப்ப ஆம்பளப் பிள்ள இல்ல. பெறகு யாரு எறங்குறது? நான் எறங்குனேன்."

"ஆம்பளைக ஒங்க பேச்சக் கேக்காகளா?"

"மொதல்ல எங்க கேட்டானுக? நாலு பேரு போயிட்டான். போறவன நான் மறிக்கல. அடுத்த பொங்கலுக்குள்ள ரெண்டு பேரு திரும்பி வந்தான். எங்கிட்ட வேல பாத்த யாருக்கும் கை காலு போகல தாயி. வேற மந்திரமெல்லாம் ஒண்ணுமில்ல."

பிறகு இருவரும் பேசினார்கள். தமர் பற்றிப் பேசினார்கள். பாறையில் மருந்து வைக்க உளி அடித்து இறக்கும் துளைக்குத்தான் தமர் என்று பேர். அதை எந்தச் சாய்வில் அடித்தால் கல் பிளக்கும், எந்தச் சாய்வில் மருந்து வீணாகும் என்று சோற்றுப் பருக்கையால் வட்டிலில் படம் போட்டுக் காட்டிக்கொண்டார்கள். ஈரக் காற்றில் திரி எப்படி மந்தமாக எரிகிறது என்று ஒருத்தி ஆரம்பித்தால் மற்றவள் முடித்தாள். "ஆமா, ஆமா! எங்க திரியும் அப்பிடித்தான்!" என்று முத்துப்பேச்சி தொடையில் தட்டிக்கொண்டாள். குழம்பு கையிலேயே காய்ந்துபோனது.

"நீங்க ஒரு நாளு வந்து எங்க ஆளுககிட்ட ஒரு வார்த்த சொன்னா…"

"நல்லா இருக்கே! மழ ஒனக்கு மட்டுமா வருது? என் கெணத்துக்கும் அதே மழதான் வருது." கருத்தம்மாள் எழுந்தாள். "வா, உள்ள எறங்கிப் பாரு. ஒங்க கல்லும் இந்தக் கல்லும் ஒண்ணான்னு சொல்லு."

இடுப்பில் வடத்தைக் கட்டி மெல்ல இறக்கினார்கள். கரிசலின் வாடை போய் மருந்தின் வாடை வந்தது. கால் பாறையில் பட்டதும் முத்துப்பேச்சி அண்ணாந்து பார்த்தாள். மேலே வானம் ஒரு தாம்பாள அளவுக்கு இருந்தது. வெளியே தீயாய் எரிந்த வெயில் இங்கே இல்லை. பாறையில் கன்னத்தை வைத்தாள். சில்லென்று இருந்தது. சிரிப்பு வந்தது. அவள் சிரித்தாள், கிணறு முழுக்கச் சேர்ந்து சிரித்தது.

வீட்டுக்கு வந்து எதையும் மறைக்காமல் சொன்னாள். பால்ச்சாமிக்கு முகம் கறுத்தது.

"பொண்டாட்டிய எறக்கிவிட்டுட்டுக் கட்டில்ல கெடக்கான்னு ஊரு சிரிக்கும். எனக்குக் கால்தான ஒடஞ்சிருக்கு, மானமுமா ஒடஞ்சு போச்சு?"

முத்துப்பேச்சி அம்மியில் மிளகாய்த் துவையல் அரைக்க உட்கார்ந்தாள். மிளகாய் பாதி அரைபட்டது. பிறகு கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அவ திரிய எம்புட்டு விடுறா?"

"பத்த வச்சு மேல வந்து ஒரு சுருட்டுக் குடிக்கிற நேரத்துக்கு விடுறாளாம்."

"சுருட்டா? சின்னச் சுருட்டா, பெரிய சுருட்டா?"

"அவ எங்க சுருட்டுக் குடிக்கா, பெருசா சிறுசான்னு சொல்ல? அவுக அய்யா கணக்காம்."

"அப்ப பெருசாத்தான் இருக்கும்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி யோசித்தார். "நீ உள்ள எறங்கினயா?"

"எறங்குனேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"குளுகுளுன்னு இருந்துச்சு. வானத்த மடியில எடுத்து வச்சுக்கிரலாம் போல இருந்துச்சு. இத்தன வருசமா இத எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீங்க."

பால்ச்சாமி சிரித்துவிட்டார். அடிபட்ட பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "சோலை அவசரக்காரன். அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூமிநாதன் வந்தபோது, முத்துப்பேச்சி சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டி, புருசனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நின்றாள்.

"இது என்ன பேச்சி வேசம்?"

"வேசம் இல்லய்யா, வேல. நான் நடத்துறேன். ஒரு வாரம் பாருங்க. சரிப்படலேன்னா காரியாபட்டிச் செட்டக் கூப்புட்டுக்கோங்க."

சோலை சம்மட்டியைக் கீழே போட்டான். "மதினி, கோவிச்சுக்காதீக. பொம்பள எறங்குனா ஊத்து கண்ண மூடிரும். அது பாவம்."

"அப்ப மல்லாங்கிணத்து ஊத்துக்கெல்லாம் கண்ணே தெரியாதாக்கும். கருத்தம்மா எறங்கி முடிச்ச கெணத்துலயெல்லாம் தண்ணி கெடக்கு, நான் வெசாரிச்சுட்டுத்தான் வாரேன்."

இன்பராஜ் களுக்கென்று சிரித்தான். கல் சுமக்கும் பெண்களிலிருந்து சரஸ்வதி முன்னால் வந்து புது வடத்தின் நுனியைப் பிடித்தாள். "ஆம்பளைக யோசிச்சு முடிக்கட்டும். நாங்க வடத்தப் பிடிக்கோம், நீங்க எறங்குங்க மதினி!" மற்றப் பெண்களும் வந்து பிடித்தார்கள். பூமிநாதன் வானத்தைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். "எனக்குத் தண்ணி வந்தாப் போதும்ப்பா" என்றார்.

முத்துப்பேச்சி இறங்கினாள். பின்னாலேயே இன்பராஜ் இறங்கினான். மத்தியானத்துக்கு மேல், மேலே உட்கார்ந்திருக்க அலுத்துப்போய்ச் சோலையும் இறங்கினான்.

நாலு தமர் அடித்தார்கள். மருந்து வைத்து, ஆண்களை மேலே அனுப்பிவிட்டு, அவளே திரி கொளுத்தினாள். நாலிலும் நெருப்புப் பிடித்ததைப் பார்த்த பிறகுதான் வடத்தைப் பிடித்தாள். மேலே வந்து, "வெடி! வெடி!" என்று கத்தினாள். அவ்வளவு சத்தம் தன் தொண்டைக்குள் இருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

வெடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது வரவில்லை.

புகை கலைந்து வெயில் தெளிந்தது. சோலை எழுந்து வேட்டியைத் தட்டினான். "ரெண்டு ஒண்ணா சேந்து வெடிச்சிருக்கும். வாங்கலே, பொழுது போகுது."

"ஒண்ணா வெடிக்கல. ஒண்ணு பாக்கி இருக்கு. யாரும் எறங்கக் கூடாது."

"திரி அணஞ்சிருக்கும் மதினி. நான் போயிப் பிடுங்கிப் போட்டுட்டு வாரேன்."

"அணஞ்சிச்சா இல்லையான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எம்புட்டு நேரம்தான் இப்பிடியே உக்காந்திருக்கச் சொல்றீக?"

"நாளைக்கு விடியிற வரைக்கும்."

பூமிநாதன் தெற்கே கறுத்துக் கிடந்த மேகத்தைப் பார்த்தார். "பேச்சி, ஒரு நாளு வீணாப் போகுமே" என்று இழுத்தார். சோலை அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு வடத்தை நோக்கி நடந்தான். முத்துப்பேச்சி அவனுக்கு முன்னால் போய், வடச் சுருளின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிங்க மதினி."

"மாட்டேன்."

"எல்லாருஞ் சிரிக்காக."

"சிரிக்கட்டும். ஒன் பொண்டாட்டிகிட்டப் போயி நான் அழுதுக்கிட்டு நிக்க முடியாது. அய்யா, நீங்களும் கேட்டுக்கோங்க. கெணறு ஒங்களுது. உள்ள எறங்குற உசுருக்கு நான் பொறுப்பு."

சோலை குனிந்து வடத்தின் நுனியை இழுத்தான். அவள் அசையவில்லை. "இந்த வீம்புக்குத்தான் நான் அப்பவே…" என்று அவன் வாயெடுத்தான்.

அவர்களுக்குக் கீழே தரை குலுங்கியது. கிணறு உறுமிக் கல்லை வானத்துக்குத் துப்பியது. எல்லாரும் விழுந்தடித்து ஓடினார்கள். முன்னறிவிப்பு இல்லாத வெடி. ஒரு கல் கருவேல மரத்தின் கிளையை முறித்துக்கொண்டு போனது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை.

சத்தம் ஓய்ந்தபோது சோலை வரப்பில் உட்கார்ந்திருந்தான். பூமிநாதன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். முத்துப்பேச்சி கூழ்ப் பானையைத் திறந்து முதல் சொம்பைச் சோலை கையில் கொடுத்தாள். "குடி. புகை போகட்டும். மொதல்ல நான் எறங்கிப் பாக்கேன், பெறகு நீங்க வாங்க."

அதற்குப் பிறகு அந்தச் செட்டில் அவளைக் கூப்பிடும் பேர் மாறிப்போனது. யாரும் சொல்லி மாறவில்லை.

வெள்ளை ரேகை ஓடிய பக்கத்தில் ஊற்றுக் கண் திறந்தது. முதலில் பாறை வியர்த்தது. மறுநாள் விரல் தண்டிக்கு நீர் பீச்சியது. அந்தக் காட்டில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, அது உப்பா நல்லதா என்று தெரிய வேண்டும். மேஸ்திரி வாயில் வைத்துச் சொன்ன பிறகுதான் ஊருக்குச் சேதி. முத்துப்பேச்சி இரு கையாலும் ஏந்தி வாயில் விட்டாள். மேலே வட்டமாக எட்டிப் பார்த்த தலைகள் எல்லாம் மூச்சுப் பிடித்துக் காத்திருந்தன. இன்னும் ஒரு மடக்குக் குடித்தாள். அப்புறம் அண்ணாந்து, "நல்ல தண்ணி!" என்று கத்தினாள். சரஸ்வதி போட்ட குலவைச் சத்தம் பக்கத்துக் காடுவரை கேட்டது.

கல்கட்டு ஏறி முடிந்த மறுநாள், மூடி போட்ட தூக்குவாளியோடு முத்துப்பேச்சி மல்லாங்கிணறு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, பாலா?" என்றார் கண்டக்டர்.

"தண்ணி."

"மல்லாங்கிணத்துல தண்ணியா இல்ல?"

"இது எங்க கெணத்துத் தண்ணி" என்றாள். அவள் சொன்ன தோரணையில் அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபேச்சில்லாமல் நகர்ந்தார்.

கருத்தம்மாள் செட்டு இன்னும் அதே கிணற்றில்தான் கிடந்தது. அவள் மேலே ஏறி வந்து, வாளியை வாங்கி, வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தாள். கண்ணை மூடி நாக்கைச் சப்புக்கொட்டினாள். முத்துப்பேச்சி வாளி மூடியைக் கையில் பிடித்தபடி அவள் வாயையே பார்த்தாள்.

"நல்ல தண்ணிதான்" என்றாள் கருத்தம்மாள். "ஆனா அடியில லேசாக் கைக்குது. இன்னும் ரெண்டு முழம் எறக்கியிருக்கணும் நீ."

"கைக்குதா? அது வாளி ருசி. எறக்குனா ஊத்து கீழ ஓடிருமே, ரேகை சாஞ்சுல்ல போகுது?"

"எந்தப் பக்கம் சாயுது?"

"கெழக்க."

"கெழக்க சாஞ்சா தைரியமா எறக்கலாம்!"

"எறக்கக் கூடாதுங்கேன். நீங்க அந்தக் கல்லப் பாத்தீகளா, நான் பாத்தேனா?"

சங்கிலி அகப்பையோடு வந்து வாளியிலிருந்து ஒரு வாய் ஊற்றிக் குடித்துவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பக்கம் சொன்னாலும் வம்பு என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். இருவரும் தரையில் குச்சியால் ரேகையைக் கீறிக் கீறிக் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஒருவன் குரல் கொடுத்தான். "மேஸ்திரீ!"

"என்னலே?" என்றார்கள் இருவரும்.